பாயசம் மணக்கும் பீரும் சிரட்டையில் ஊற்றிய கள்ளும்

வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கும் ஒருவர் இரண்டு லிட்டர் மதுவைத் தீர்வை கட்டாமல் கொண்டு வரலாம். சுங்க விதி அதை அனுமதிக்கிறது. அதே ஆள் ஊருக்கு வந்து, தன் வீட்டுக் கொல்லையில் நிற்கிற பனையில் ஏறி ஒரு லிட்டர் கள் இறக்கினால் குற்றவாளி. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் அவர் மீது பாயும். பானையை உடைப்பார்கள், ஆளை ஏற்றிக்கொண்டு போவார்கள். கப்பலில் வந்த போதை விருந்தாளி, மரத்தில் சுரந்த போதை திருடன்.

இதில் மது பற்றிய அறம் எங்கே இருக்கிறது? எவருடைய நாக்குக்கு மரியாதை, எவருடைய நாக்குக்கு லத்தி என்று பிரித்து வைத்திருக்கிற ஏற்பாடுதான் இருக்கிறது. அந்த ஏற்பாட்டுக்குச் சாதி உண்டு என்று நாங்கள் சொல்கிறோம். "எல்லாவற்றிலும் சாதியைத் தேடுகிறீர்கள்" என்று சலித்துக்கொள்ளும் நண்பர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நாங்கள் தேடவில்லை. அது டம்ளரின் விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் சுவைத்துப் பார்த்தது

கட்டுமாவடியிலிருந்தும் மணமேல்குடிப் பக்கமிருந்தும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகாத வீடு குறைவு. அப்படிப் போன எங்கள் தம்பி ஒருவர் விடுப்பில் வந்தபோது நான்கு டப்பா பீர் கொண்டு வந்தார். "சாதா பீர் இல்லண்ணே, இது கைவினைப் பீர். ஒரு டப்பா பன்னெண்டு வெள்ளி" என்றார். நம்முடைய ரூபாயில் எண்ணூறுக்குக் கிட்டே. நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். இரண்டு நாள் கூலியையும் சேர்த்து வைத்தால்கூட ஒரு டப்பா வாங்க முடியாது.

டப்பாவின் மேல் இது இனிப்புப் பலகாரத்தை நினைத்துச் செய்த பீர் என்று எழுதியிருந்தது. பட்டை, ஏலக்காய், ஜாதிக்காய், வெண்ணிலா, கருஞ்சர்க்கரை, பால் சர்க்கரை என்று ஒரு மளிகைச் சிட்டை. செய்முறை ஒன்றும் மாயமில்லை. வாற்கோதுமையை ஊற வைத்து முளைகட்டிக் காய வைக்கிறார்கள். அதில் ஒரு பங்கைக் காப்பிக்கொட்டை போலக் கருக வறுக்கிறார்கள். வெந்நீரில் ஊற வைத்து இனிப்பை இறக்கி, ஹாப்ஸ் பூவோடு கொதிக்க வைத்து, ஆறியதும் ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கிறார்கள். சாதாரணச் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடும். பால் சர்க்கரையை அதால் தின்ன முடியாது. அதனால் புளித்து முடிந்த பிறகும் இனிப்பு தங்கி நிற்கும். மசாலாவைக் கடைசியில் போட்டு ஊற விடுகிறார்கள், மணம் ஓடிவிடாமல் இருக்க.

ஐந்து பேர் இருந்தோம். நால்வர் குடித்தோம். ஐந்தாவது தோழர், மகளிர் குழுவில் இருப்பவர், மோந்து மட்டும் பார்த்தார். "சுக்கு மல்லிக் காப்பிய அடுப்புல வச்சுட்டு மறந்துபோன மாதிரி இருக்கு" என்றார் ஒருவர். "பொங்கப்பானை அடிப்பிடிச்சா வெல்லம் ஒரு வாசம் வருமே, அது" என்றார் இன்னொருவர். மோந்து பார்த்த தோழர், "பாயசத்த ரெண்டு நாள் வச்சிருந்தா இந்த நாத்தம் வரும், நாங்க கொட்டிருவோம்" என்று முடித்தார். நாக்கில் முதலில் ஏலக்காய், நடுவில் வெல்லத்தின் கனம், கடைசியில் தொண்டையில் ஒரு கருகல் கசப்பு. நன்றாகவே இருந்தது. அதை மறைக்க எங்களுக்கு எந்த அவசியமும் இல்லை.

எங்களைச் சுருக்கென்று குத்தியது பீர் அல்ல. அந்தத் தம்பி தன் கைப்பேசியில் காட்டிய ரசனைக் குறிப்புகள்தான். இந்த வகைப் பீர்களைச் சுவைத்து எழுதுவதற்கென்றே உலகெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய சொற்களைக் கவனியுங்கள். பெல்ஜியம் நாட்டுப் புளிப்புப் பீர்கள் சிலவற்றைப் புகழும்போது "தொழுவ வாசம்" என்று எழுதுகிறார்கள். "குதிரை மேல் போர்த்திய கம்பளியின் வாசம்" என்று எழுதுகிறார்கள். அது வசை இல்லை. உயர்ந்த பாராட்டு. காட்டு ஈஸ்ட் தருகிற அந்த வாசத்துக்காக ஒரு பாட்டிலுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

மாட்டுத் தொழுவத்தைக் கூட்டி அள்ளிய எங்கள் பாட்டிமாரின் சேலையில் அந்த வாசம்தான் இருந்தது. அதற்காகவே அவர்களைத் திண்ணைக்குக் கீழே நிற்க வைத்தார்கள். கள் குடித்துவிட்டு வந்த எங்கள் தாத்தாவின் வாயில் வந்ததும் காட்டு ஈஸ்ட் புளித்த வாசம்தான். அதற்கு ஊர் வைத்த பெயர் நாற்றம். வாசத்தை நாற்றம் ஆக்குவது மூக்கு இல்லை ஐயா. மூக்குக்குப் பின்னால் இருக்கிற சாதி.

இரண்டாயிரம் ஆண்டுப் பீர்

கைவினைப் பீர் என்பதைப் பெங்களூரு கண்டுபிடித்தது போலப் பேசுகிறார்கள். புனேயில் 2009இல் தூலாலி என்ற நிறுவனம் தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் சிறு பீர் ஆலை என்பார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பெங்களூரு இந்திராநகர் அதற்குத் தலைநகரம் ஆனது. பிறகு மாம்பழ லஸ்ஸி, கோகம் புளி என்று நம் வீட்டுச் சுவைகளைப் பீரில் இறக்கி, பிரா 91 போன்ற பெரிய நிறுவனங்கள் விற்றன. "இந்திய மண்ணின் சுவை" என்று விளம்பரம் வந்தது.

நல்லது. மண்ணின் சுவை பற்றி எங்களுக்கும் கொஞ்சம் தெரியும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஒரு பீர் செய்முறையே இருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாய் உள்ள பிழாவில் ஆற்றுகிறார்கள். முளையை இடித்துச் செய்த நல்லடையை அதோடு கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து முதிர விடுகிறார்கள். விரலால் அலைத்து வடித்து, சுட்ட மீனோடு வழிப்போக்கருக்குக் கொடுக்கிறார்கள். களி, முளை, ஆற்றுதல், புளித்தல், வடித்தல் என்று பீர் ஆலையில் இன்று நடக்கிற ஒவ்வொரு படியும் அதே வரிசையில் அங்கே இருக்கிறது.

அதைச் செய்கிறவர்கள் யார்? அரண்மனைச் சமையற்காரர்கள் இல்லை. வலைஞர்கள். மீன் பிடிக்கிற குடியினர். கட்டுமாவடி மீன் சந்தையில் விடியற்காலையில் ஏலம் கூவுகிற, ஐஸ் பெட்டி தூக்குகிற, மீன் அரிகிற மக்களின் முன்னோர் என்று வைத்துக்கொள்ளலாம். மீனும் அரிசிக் கள்ளும் அவர்கள் விருந்து. அதே பாட்டில் வீட்டில் வடித்த நெற்கள்ளுக்குத் தோப்பி என்று பெயரும் இருக்கிறது. புறநானூற்றில், சிறிதளவு கள் கிடைத்தால் அதைத் தனக்கே தந்துவிடுவானே என்று அதியமானை நினைத்து ஔவையார் அழுகிறார். கள்ளைப் பங்கிடுவது அன்று நட்பின் அடையாளம்.

பள்ளியில் இந்தப் பாடல்களை எங்களுக்கு வீரம், கொடை என்று நடத்தினார்கள். கள் வந்த இடங்களில் ஆசிரியர் தொண்டையைக் கனைத்துவிட்டுக் கடந்தார். புளிக்க வைக்கிற அறிவு எப்படி இழிதொழில் ஆனது, தேறலும் நறவும் எப்படிச் சாராயக் கேஸ் ஆனது என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. மதுவைத் தீட்டு என்று ஆக்கிய சாத்திரம், அதை உண்டாக்குகிறவரையும் தீட்டு என்று ஆக்கியது. ஏறுகிறவனும் வடிக்கிறவனும் கீழ். வாங்கிக் குடிக்கிறவன் மட்டும் எப்போதும் மேல்.

சுண்ணாம்பு அளவு சட்டம்

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் வடிவது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் அது புளித்துக் கள். பதநீர் சத்து பானம், அரசு விழாக்களில் கொடுப்பார்கள். கள் குற்றம். ஒரு விரல் சுண்ணாம்பில் நிற்கிறது ஒரு மனிதனின் மானம்.

இந்தச் சட்டத்தின் வரலாறு தெரிய வேண்டும். 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971இல் கலைஞர் ஆட்சி அதை நீக்கியது. 1974க்குள் மறுபடி கொண்டு வந்தது. 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 1987 சனவரி முதல் கள்ளும் சாராயமும் மூடப்பட்டன. பிறகு 1990இல் மலிவு மது வந்து 1991இல் போனது. 2003இல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்தது.

இந்தக் கணக்கை ஒரே வரியில் படித்தால் ஒரு விஷயம் புலப்படும். கூலிக்காரன் குடித்த கள்ளும் சாராயமும் கடைசியில் மூடிக் கிடக்கின்றன. ஆலை முதலாளி செய்கிற பிராந்தியும் பீரும் அரசின் முத்திரையோடு ஓடுகின்றன. 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். 2024-25இல் 48,344 கோடி. 2023 சூனில் 500 கடைகளை மூடிய பிறகும் நாலாயிரத்து எழுநூறுக்கு மேல் கடைகள் இருந்தன. கடை குறைந்தது, கல்லா குறையவில்லை. இந்தப் பணத்தில் பெரும்பங்கு எவர் பாக்கெட்டிலிருந்து வருகிறது என்று மாலை ஆறு மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எந்தக் கடை முன்னாலும் நின்று பாருங்கள். கொத்தனார், சித்தாள், படகுக் கூலி, லோடு ஏற்றுகிறவர். அவர்களுக்கு ரசனைக் குறிப்பு எவரும் எழுதுவதில்லை. அவர்களுக்கு எழுதுவது எஃப்.ஐ.ஆர்.

"குண்டர் சட்டம்" என்று நாம் சொல்கிற 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் முழுப்பெயரைப் படித்திருக்கிறீர்களா? குண்டருக்கு முன்னால், முதலாவதாக, கள்ளச்சாராயக்காரரின் பெயர் இருக்கிறது. வடிக்கிறவன் விசாரணை இல்லாமல் ஓராண்டு உள்ளே இருக்கலாம். பீரில் ஏலக்காய் போடுகிறவனோ புதுத் தொழில் முனைவோர். மேடையில் சால்வை.

கருணாபுரத்தில் எவர் செத்தார்கள்

2024 சூன். கள்ளக்குறிச்சி கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் தலித் மக்கள், அன்றாடம் காய்ச்சிகள். மூட்டை தூக்கியவர்கள், சுத்தம் செய்தவர்கள், பெயின்ட் அடித்தவர்கள். அதற்கு ஓராண்டு முன்புதான், 2023 மே மாதம், மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் இதே மெத்தனால் ஆட்களைக் கொன்றிருந்தது.

ஏன் அந்தப் பாக்கெட்டை வாங்கினார்கள்? கடைச் சரக்கைவிட மலிவு. அவ்வளவுதான் காரணம். உடம்பு நோகிற வேலைக்குப் பிறகு, கையில் இருக்கிற காசுக்கு எது கிடைக்கிறதோ அது. அங்கே ஒரு கள்ளுக்கடை இருந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நாங்கள் சத்தியம் செய்யவில்லை. ஆனால் பனங்கள்ளில் மெத்தனால் கலந்து விற்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. மரம் தருவதே போதும். நொதித்த கள்ளின் போதை ஏறக்குறைய பீரின் அளவுதான். அதைத் தடைசெய்துவிட்டு, அதைப் போல எட்டு மடங்கு கடுமையான பிராந்தியை அரசே விற்கிறது. அதுவும் வாங்க முடியாதவனுக்கு மெத்தனால் மிச்சம்.

சாவுக்குப் பிறகு அரசு என்ன செய்தது? பத்து லட்சம் நிவாரணம் கொடுத்தது. அந்த மாதக் கடைசியிலேயே சட்டத்தைத் திருத்தி, ஆயுள் தண்டனை வரை, பத்து லட்சம் அபராதம் வரை கூட்டியது. 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. எல்லாம் சரி. அந்தத் தெருவில் கூலி உயர்ந்ததா? குடிநோய்க்கு மருத்துவம் வந்ததா? தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளைப் பற்றி இரண்டு வாரம் பேசிய தொலைக்காட்சி மூன்றாவது வாரம் எங்கே போனது?

அந்த நாட்களில் சமூக ஊடகங்களில் எழுதினார்களே, "குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்கு பத்து லட்சம்" என்று? அப்படி எழுதிய பலர் வார இறுதியில் பெங்களூருவில் எடுத்த பீர்க் கோப்பைப் படங்களையும் போடுகிறவர்கள். அங்கே அது வாழ்க்கை. இங்கே அது சாவுக்கான தகுதி.

ஆளுக்கொரு டம்ளர்

இந்தக் கைவினைப் பீர் உலகத்தில் ஒவ்வொரு பீருக்கும் ஒரு கண்ணாடிக் கோப்பை என்று ஒழுங்கு உண்டு. ஒன்றுக்கு உயரமான கோப்பை, ஒன்றுக்கு வயிறு பருத்தது, ஒன்றுக்கு வாய் விரிந்தது. மணம் சரியாக எழ வேண்டுமாம். கோப்பை மாறினால் குற்றமாம்.

எங்கள் மாவட்டத்துக்கும் டம்ளர் ஒழுங்கு ஒன்று உண்டு. 2022 டிசம்பர் 26 அன்று வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடந்தது தெரிய வந்தது. விசாரிக்கப் போன அன்றைய மாவட்ட ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேயும் பக்கத்து இறையூரில் கண்டது என்ன? தேநீர்க் கடையில் இரட்டை டம்ளர். அய்யனார் கோயிலுக்குள் தலித்துகள் நுழையத் தடை. ஆட்சியரே அழைத்துப்போய் உள்ளே விட வேண்டியிருந்தது. அது நடந்தது ஏதோ நூற்றாண்டுக்கு முன்பு இல்லை. பெங்களூருவில் பீர் ஆலைகள் வரிசையாக நின்ற காலத்தில். 2025 சனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதில் இருந்த மூன்று பெயர்களும் பாதிக்கப்பட்ட அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர்களுடையவை. வேங்கைவயல் மக்கள் அதை ஏற்கவில்லை. நாங்களும் ஏற்கவில்லை.

குடிதண்ணீரில் எதைக் கலந்தாலும் குடித்தாக வேண்டியவர்கள் இருக்கிற மாவட்டத்தில், பீரில் என்ன கலந்தால் சுவை கூடும் என்கிற பேச்சைக் கேட்கும்போது வருகிற எரிச்சலைப் பொறாமை என்று எவராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. தேநீர்க் கடையிலும் கள்ளுக்கடையிலும் எங்கள் ஆட்களுக்குச் சிரட்டையில் ஊற்றினார்கள். எத்தனையோ ஊர்ப் பெரியவர்கள் அந்தச் சிரட்டையின் சொரசொரப்பை இன்றும் உதட்டில் நினைவு வைத்திருக்கிறார்கள். இன்று அதே சிரட்டையை வழவழவென்று தேய்த்து, எண்ணெய் தடவி, சூழலுக்கு இசைந்த கோப்பை என்று நகரத்து உணவகங்கள் அதில் பானம் பரிமாறுகின்றன. சிரட்டை உயர்ந்துவிட்டது. சிரட்டையில் குடித்தவன் உயர்ந்தானா?

அக்கரையில் நடந்தது

கட்டுமாவடிக் கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். அங்கே பனை இருக்கிறது, கள்ளும் இருக்கிறது, அது குற்றமும் இல்லை. மரம் ஏறியவர்களில் நளவர், பள்ளர் என்று ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகுதி. அவர்கள் இறக்கிய கள்ளை ஊரே பிளாவில் வாங்கிக் குடித்தது. ஆனால் அவர்கள் தேநீர்க் கடைக்குள் போய் உட்கார்ந்து ஒரு தேநீர் குடிக்க முடியாது. 1966 முதல் தீண்டாமைக்கு எதிராக அங்கே வெகுஜனப் போராட்டம் வெடித்தது. தேநீர்க் கடைகளுக்குள் நுழைந்தார்கள், அடிபட்டார்கள், உயிர் விட்டார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் நின்றார்கள். தங்கள் கையால் ஊருக்கே குடிக்கக் கொடுத்தவர்கள், ஊரின் கையால் ஒரு குவளை தேநீர் வாங்கப் போராட வேண்டியிருந்தது.

பிறகு 1970களில் அங்கே பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் வளர்ந்தன. தவறணை முதலாளியிடமும் ஏலக்காரனிடமும் கைகட்டி நின்ற தொழிலாளி சங்கத்துக்குக் கள்ளை அளந்து ஊற்றி, சங்கத்திடம் காசு வாங்கினார். போத்தலில் அடைத்த கள் விற்பனைக்கு வந்தது. சாதி ஒழிந்துவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் மரம் ஏறியவன் கையில் அளவும் கணக்கும் வந்தது. கேரளத்தில் 1969இலேயே கள்ளுத் தொழிலாளர் நலநிதிச் சட்டம் வந்துவிட்டது. கோவா தன் பெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு வாங்கியது. தெலங்கானா 2021இல் மதுக்கடை உரிமத்தில் கள் இறக்கும் கௌடு சமூகத்துக்கு 15, பட்டியல் சாதியினருக்கு 10, பழங்குடியினருக்கு 5 விழுக்காடு ஒதுக்கியது. சுற்றிலும் இத்தனை பேர் யோசித்துவிட்டார்கள். சமூக நீதியின் மண் என்று மார்தட்டுகிற நாம் மட்டும் பானை உடைக்கிறோம்.

"அப்படியானால் குடிக்கச் சொல்கிறீர்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். எதிரிகளிடமிருந்து மட்டும் இல்லை, எங்கள் தோழர்களிடமிருந்தும் வரும். விடுதலைச் சிறுத்தைகள் 2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் மது ஒழிப்பு மகளிர் மாநாடு நடத்தினார்கள். அங்கே வந்த பெண்களின் கோபத்தில் ஒரு துளிகூடப் பொய் இல்லை. குடியால் தாலி இழந்தவர்கள், அடி வாங்கியவர்கள், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கடைக்குப் போவதைப் பார்த்தவர்கள். எங்கள் தெருவிலும் அந்த வீடுகள் இருக்கின்றன. குடியைக் கொண்டாடுகிற வேலை எங்களுக்கு இல்லை. "கள் எங்கள் பண்பாடு" என்று மேடையில் கலயத்தைத் தூக்கிக் காட்டுகிற அரசியல்வாதிகளின் வாலும் நாங்கள் இல்லை. 2025 சூனில் சீமான் பனை ஏறிக் கள் இறக்கிக் காட்டினார். தொலைக்காட்சிகள் ஓடி வந்தன. எங்கள் ஆட்கள் ஏறியபோது ஓடி வந்தது போலீஸ்.

அண்ணல் அம்பேத்கரிடம் போவோம். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் இலட்சக்கணக்கான மக்களோடு அவர் ஏற்ற 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. அதே அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு 1951 தேர்தல் அறிக்கையில் மதுவிலக்குக் கொள்கையைக் கடுமையாக எதிர்த்தது. முரண்பாடா? இல்லை. தன்மானத்துக்காக நானே குவளையைக் கீழே வைப்பது வேறு. என் கையிலிருந்து குவளையைப் பிடுங்க இன்னொருவனுக்குத் தடியைக் கொடுப்பது வேறு. முன்னது விடுதலை, பின்னது காவல்.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் மதுவிலக்கை வழிகாட்டு நெறியாகச் சேர்க்கிற விவாதம் நடந்தது. இன்றைய 47ஆவது பிரிவு. அன்று எழுந்து நின்று எதிர்த்தவர் ஆதிவாசித் தலைவர் ஜெய்பால் சிங். அரிசிக் கள் தம் மக்களின் வழிபாட்டில் கலந்தது, நடவு வயலில் இறங்கி உழைக்கிறவர்களைத் தாங்குவது அது, அதைப் பறிப்பது இந்த நாட்டின் மிகப் பழைய மக்களின் மதத்தில் தலையிடுவது என்று வாதாடினார். சபை கேட்டுக்கொண்டது, சேர்த்தும்விட்டது. அன்று அவர் பேசிய அரிசிக் கள்தான் இன்று நட்சத்திர விடுதியில் "பழங்குடிகளின் கைவினைப் பீர்" ஆகிறது. அப்போதும் விற்கிறவர் ஆதிவாசி இல்லை.

எனவே எங்கள் பதில் இதுதான். குடிக்காதே என்று எங்கள் தம்பிகளிடம் நாங்களே சொல்லிக்கொள்வோம். தெருவில் உட்கார்ந்து, அக்காமார்களை வைத்துக்கொண்டு, சண்டை போட்டுச் சொல்வோம். அதற்கு லத்தி வேண்டாம். லத்தி எப்போது வந்தாலும் எங்கள் முதுகைத்தான் முதலில் தேடுகிறது.

நாங்கள் கேட்பது

கள் இறக்குவதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். உரிமத்தை ஏலக்காரனுக்கும் சாராய முதலாளிக்கும் கொடுக்காமல், மரம் ஏறுகிறவர்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். அந்தச் சங்கங்களில் தலித்துகளுக்கும் பெண்களுக்கும் எண்ணிக்கையில் இடம் வேண்டும். மரம் எவர் நிலத்தில் நிற்கிறதோ அவரே எல்லாம் என்று ஆகிவிட்டால், நிலமில்லாத எங்கள் மக்கள் மறுபடி கூலிக்கு ஏறுகிறவர்கள் ஆவார்கள். நிலமே இல்லாதவனுக்குப் பனை ஏது? கண்மாய்க் கரையிலும் புறம்போக்கிலும் நிற்கிற பனைகளைத் தலித் குழுக்களுக்குக் குத்தகைக்கு விட வேண்டும்.

டாஸ்மாக் வருவாயில் ஒரு பங்கைச் சட்டப்படி ஒதுக்கி, குடிநோய் சிகிச்சையை ஒவ்வொரு வட்ட மருத்துவமனைக்கும் கொண்டு வர வேண்டும். மணமேல்குடியில் ஒருவன் குடியை விட நினைத்தால், போய் நிற்க அவனுக்கு ஒரு வாசல் வேண்டும். 48,344 கோடி வாங்குகிற கைக்கு இது பெரிய செலவு இல்லை. ஒரு தெருவில் கடை வேண்டாம் என்று அந்தத் தெருப் பெண்கள் சொன்னால் அந்த முடிவே இறுதி ஆக வேண்டும்.

இன்றோ நாளையோ தமிழ்நாட்டிலும் சிறு பீர் ஆலைகளுக்குக் கதவு திறக்கப்படும். வெல்லமும் சுக்கும் போட்ட பீர், பனங்கற்கண்டுப் பீர், அடைப் பிரதமன் பீர் என்று பட்டியல் வரும். அன்று கள்ளுக்கு மட்டும் தடை நீடித்தால், இந்த அரசு போதையை எதிர்க்கவில்லை, போதை ஏறுகிற உடம்பைத்தான் எதிர்க்கிறது என்று நாங்கள் ஊர் ஊராகப் போய்ச் சொல்வோம். கருப்பட்டி காய்ச்சியவள் அடுப்படியில் புகை தின்று இருமிக்கொண்டிருக்க, கருப்பட்டி வாசம் வீசுகிற பீருக்கு விருது கொடுக்கிற விழாவில் எவர் எவர் கைதட்டுகிறார்கள் என்று குறித்தும் வைப்போம்.

அதற்கு முன்னால் ஒன்று. எந்தப் பானமாக இருந்தாலும் இருக்கட்டும், தண்ணீரோ தேநீரோ கள்ளோ பீரோ, ஒரே கடையில், ஒரே பெஞ்சில், ஒரே டம்ளரில் கொடுக்க இந்த மாவட்டத்துக்குத் துணிவு வரட்டும். அதன் பிறகு ரசனையைப் பற்றிப் பேசுவோம்.

ஜெய் பீம்.